நின்ற நிலையிலும் தலைக்கு மேலும் இரும்பைப் பற்றவைத்தல்
(பொடியடைத்த கம்பியைத் தேர்ந்தெடுத்தலும் அமைத்தலும்)

உழவுத் தொழிலில் மரத்தின் இடத்தை இரும்பு பிடித்துக்கொண்டு வெகு காலமாயிற்று. டிராக்டர், டிரெய்லர், கொத்துக்கலப்பை, சேற்றுழவுக்குரிய கேஜ் வீல், பம்பு செட்டின் குழாய்கள், மதகின் ஷட்டர் ஆகிய யாவும் எஃகினால் ஆனவை. மரக்கலப்பை பழுதுற்றால் ஊர்த் தச்சரே சீர்செய்துவிடுவார். இரும்புக் கருவி விரிசல் கண்டால் பற்றவைப்பவரை நாடவேண்டியிருக்கின்றது. ஒரு கருவி முறிவதால் உண்டாகும் நஷ்டம் அதைச் சீர்செய்யும் கூலியோடு நில்லாது. நாற்று முதிர்ந்து நிற்கையில் கேஜ் வீல் உடைந்தால் நடவு பின்வாங்கும். பாரமேற்றிய டிரெய்லரின் இழுவைச் சட்டம் சாலையில் முறிந்தால் உயிர்ச்சேதமே நேரலாம். ஆகையால் பற்றவைப்பின் நன்மை தீமைகளை, அத்தொழிலைத் தாமே செய்யாத மிராசுதார்களும் கிராம அதிகாரிகளும் கூட ஓரளவு அறிந்திருத்தல் அவசியம்.

பற்றவைப்பதற்கு மிகச் சுலபமான நிலை, வேலையைத் தரையில் படுக்க வைத்து மேலிருந்து பற்றவைப்பதாகும். உருகிய இரும்பு தன் பாரத்தாலேயே இடுக்கில் இறங்கி நிற்கும். ஆயினும் பண்ணை வேலையில் இந்த வசதி எப்பொழுதும் வாய்ப்பதில்லை. மதகின் சட்டம் கட்டடத்தில் புதைந்து செங்குத்தாக நிற்கின்றது. டிரெய்லரின் அடிச்சட்டத்தில் கண்ட விரிசலை அதன் அடியில் படுத்துக்கொண்டே அடைக்கவேண்டியிருக்கின்றது. இவ்விடங்களில் உருகிய குழம்பு கீழே வழிந்துவிடப் பார்க்கும். இவ்வாறு நிலைமாறிய இடங்களுக்கு ஏற்ற கம்பி எது, இயந்திரத்தை எவ்வாறு அமைப்பது, முடிந்த வேலையை எவ்வாறு சோதிப்பது என்பவை கீழே விவரிக்கப்படுகின்றன.

எல்லாவற்றிற்கும் முதல் விதி ஒன்று உண்டு. போல்ட்டைக் கழற்றித் தரையில் படுக்க வைக்கக்கூடிய பாகமாயின், அவ்வாறே செய்தல் வேண்டும். கழற்றி மாட்ட ஆகும் அரைமணி நேரத்தை மிச்சப்படுத்துவதற்காகச் செங்குத்தில் பற்றவைப்பது சிக்கனமாகாது.

பொடியடைத்த கம்பி என்பது யாது?

பொற்கொல்லர் நகையைப் பற்றவைக்கையில் பொடி வைத்து ஊதுவதும், வெங்காரம் இடுவதும் யாவரும் கண்டதே. சூடேறிய உலோகத்தைக் காற்று தீண்டி அழுக்கேறாவண்ணம் காப்பதே வெங்காரத்தின் வேலை. மின்சாரப் பற்றவைப்பிலும் இத்தகைய காப்பு வேண்டும். சாதாரணக் குச்சியில் இந்த மருந்து வெளியே பூசப்பட்டிருக்கின்றது. கடைகளில் ‘பிளக்ஸ் கோர் ஒயர்’ என்று வழங்கும் கம்பியிலோ, மெல்லிய எஃகுத் தகட்டைக் குழல்போல் சுருட்டி, அதனுள்ளே மருந்துப்பொடி அடைக்கப்பட்டிருக்கின்றது. இக்கம்பி சுருளிலிருந்து இயந்திரத்தின் உருளைகளால் தள்ளப்பட்டு, டார்ச்சின் வழியே இடையறாது வந்துகொண்டிருக்கும். குச்சியைப்போல் அடிக்கடி மாற்றவேண்டுவதில்லை.

இம்முறை 1950-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் வழக்கத்திற்கு வந்தது. லிங்கன் எலெக்ட்ரிக் கம்பெனியார் 1958-ம் வருஷத்தில் ‘இன்னர்ஷீல்டு’ என்னும் பெயரால், வெளிவாயு வேண்டாத கம்பியை விற்பனைக்குக் கொணர்ந்தனர். இப்பொழுது இக்கம்பிகள் இருவகையாகக் கிடைக்கின்றன. முதலாவது, பொடி எரிந்து உண்டாகும் புகையே காப்பாக அமையும் தற்காப்புக் கம்பி. இரண்டாவது, பொடியோடு சிலிண்டரிலிருந்து வரும் வாயுவும் சேர்ந்து காக்கும் வாயுக்காப்புக் கம்பி. இதற்குக் கரியமில வாயுவையோ, ஆர்கானும் கரியமில வாயுவும் கலந்த கலவையையோ உபயோகிப்பர்.

கசடு தாங்கும் விதம்

உருகிய குழம்பு செங்குத்தில் எவ்வாறு நிற்கின்றது என்பதே இவ்விஷயத்தின் ஆணிவேர். பொடி உருகிக் கசடாகி, இரும்புக் குழம்பின்மேல் படலமாகப் படர்கின்றது. இப்படலம் இரும்புக்கு முந்தி உறையுமாயின், வரப்பு வயல் நீரைத் தாங்குவதுபோல், இன்னும் உறையாத இரும்பைத் தாங்கி நிற்கும். கசடு பிந்தி உறையுமாயின், வரப்பு கரைந்த வயல்போல் இரும்பு வழிந்தோடிவிடும்.

ஆகவே கம்பி செய்வோர் இருவிதமாகப் பொடியைக் கூட்டுகின்றனர். படுக்கை நிலையில் விரைவாக நிறைய இரும்பை இறக்குவதற்கென்று செய்த கம்பிகளில் கசடு மெதுவாக உறையும். எல்லா நிலைகளுக்கும் ஏற்ற கம்பிகளில் அது விரைந்து உறையும். முதல் வகையைச் செங்குத்தில் உபயோகித்தால் எத்தனை கைதேர்ந்தவராயினும் பற்று தொங்கிவிடும். கம்பியின் தவறுக்குத் தொழிலாளியை நிந்திப்பதில் பயனில்லை.

சுருளின் குறியீட்டைப் படித்தல்

ஒவ்வொரு சுருளின்மேலும் அமெரிக்கப் பற்றவைப்புச் சங்கத்தாரின் முறைப்படி ஒரு குறியீடு அச்சிடப்பட்டிருக்கும். ‘ஈ71டி-1’ என்பதை எடுத்துக்கொள்வோம். ‘ஈ’ என்பது மின்வாய்க் கம்பி என்பதைக் காட்டும். ‘7’ என்பது, பற்றிய உலோகம் சதுர அங்குலத்திற்கு 70,000 பவுண்டு இழுவையையேனும் தாங்கும் என்பதைக் குறிக்கும். அடுத்து நிற்கும் ‘1’ என்னும் எண்ணே நமக்கு முக்கியம். அது எல்லா நிலைகளுக்கும் உரியது என்று பொருள். அவ்விடத்தில் ‘0’ இருந்தால் அது படுக்கை நிலைக்கும் கிடைநிலைக்கும் மட்டுமே ஆகும். ‘டி’ என்பது குழல்கம்பி என்றும், இறுதி எண் கம்பியின் குணத்தையும் உபயோகத்தையும் தெரிவிக்கும். வாயுக்காப்புக் கம்பியில் இறுதியில் ‘சி’ என்றிருந்தால் கரியமில வாயுவும், ‘எம்’ என்றிருந்தால் கலப்பு வாயுவும் வேண்டும்.

பண்ணை வேலைக்கு உதவும் வகைகள் பின்வருமாறு:

1. ஈ71டி-ஜிஎஸ்: தற்காப்புக் கம்பி. ஒரே வரிசைப் பற்றுக்கு மட்டும் உரியது. மெல்லிய தகடுகளுக்கு ஆகும். ஒன்றன்மேல் ஒன்றாக வரிசை அடுக்கும் வேலைக்கு உதவாது.

2. ஈ71டி-11: தற்காப்புக் கம்பி. எல்லா நிலைகளுக்கும் ஆகும், வரிசை அடுக்கலாம். ஆயினும் கனமான தகட்டிற்கு ஏற்றதன்று. 0.8, 0.9 மில்லிமீட்டர் போன்ற மெல்லிய கம்பிகளைச் சுமார் 8 மில்லிமீட்டர் கனத்திற்கு மேற்பட்ட வேலையில் இடாதிருப்பது நலம்.

3. ஈ71டி-1: வாயுக்காப்புக் கம்பி. பொடியில் ரூட்டைல் என்னும் டைட்டேனிய தாதுப்பொருள் மிகுந்திருப்பதால் கசடு விரைந்து உறைந்து குழம்பை நன்கு தாங்கும். கனத்த தகட்டைச் செங்குத்தில் மேல்நோக்கிப் பற்றவைப்பதற்கு மிக உகந்தது. சாதாரணமாக 1.2 மில்லிமீட்டர் கனத்தில் கிடைக்கும்.

4. ஈ71டி-8: தற்காப்புக் கம்பி. எல்லா நிலைகளுக்கும் உரியது. அதிர்ச்சியைத் தாங்கும் குணமும் உடையது. கைப்பழக்கம் மிகுதியும் வேண்டும்.

உறுதி வேறு, அதிர்ச்சி தாங்கும் குணம் வேறு

மேற்கண்ட கம்பிகள் யாவற்றின் எண்ணும் ‘7’ என்றே தொடங்குதலால், எல்லாம் ஒன்றே என எண்ணிவிடலாகாது. மெல்ல இழுத்தால் அறாத உலோகம், திடீரென அடிபட்டால் கண்ணாடிபோல் வெடிக்கக்கூடும். இதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. 1994-ம் வருஷம் ஜனவரி 17-ந் தேதி கலிபோர்னியாவில் நார்த்ரிட்ஜ் என்னுமிடத்தில் நிலநடுக்கம் உண்டாயிற்று. அதன்பின் எஃகுச் சட்டக் கட்டடங்களைச் சோதித்தபோது, தூணும் உத்தரமும் சேருமிடத்துப் பற்றுகள் பல, வளைந்து கொடாமல் வெடித்திருக்கக் கண்டனர். அவற்றில் பெரும்பாலும் உபயோகமாயிருந்தது ஈ70டி-4 என்னும் தற்காப்புக் கம்பி. கட்டட அமைப்பும் வேலைக் குறைகளும் காரணங்களாயினும், அக்கம்பியின் உலோகம் அதிர்ச்சி தாங்கும் குணம் குறைந்திருந்ததும் ஒரு காரணமென்று தேர்ந்தனர். அதன்பின் அத்தகைய இணைப்புகளுக்கு அதிர்ச்சிச் சோதனையில் தேறிய கம்பிகளே விதிக்கப்பட்டன.

ஈ71டி-11 வகைக்கும் ஈ71டி-ஜிஎஸ் வகைக்கும் அச்சங்கத்தாரின் விதியில் அதிர்ச்சிச் சோதனை கட்டாயமன்று. ஈ71டி-1 வகைக்கும் ஈ71டி-8 வகைக்கும் கட்டாயமாகும். டிரெய்லரின் இழுவைச் சட்டம், கொக்கி, டிராக்டரின் மூன்றுமுனை இணைப்பு ஆகியவை மேட்டிலும் பள்ளத்திலும் ஓயாமல் அடிபடுவன. இவற்றைப் பின்னிரு வகைகளில் ஒன்றாலோ, நன்கு உலர்த்திய ஈ7018 குச்சியாலோ பற்றவைப்பதே தக்கது. டிரெய்லரின் பக்கத் தகடு, காவல் மூடி, வேலிச் சட்டம் முதலியவற்றிற்கு ஈ71டி-11 போதுமானது.

பற்றவைக்கத் தகாதவை

எந்தக் கம்பியும் எல்லா இரும்புக்கும் ஆகாது. பழைய மதகு ஷட்டர்களும் பம்பின் உடற்கூடும் பெரும்பாலும் வார்ப்பிரும்பாக இருக்கும். இவற்றிற்கு இக்கம்பி உதவாது. ஐயமிருந்தால் உளியால் ஓரத்தைச் செதுக்கிப் பார்க்கலாம். சுருளாக வந்தால் எஃகு. பொடியாக உதிர்ந்தால் வார்ப்பிரும்பு. கொத்துக்கலப்பையின் ஸ்பிரிங்கு, டிரெய்லரின் வில்பட்டை, சுழற்கலப்பையின் கத்தி ஆகியவை பதம் ஏற்றிய எஃகினால் ஆனவை. பற்றவைக்கும் சூட்டால் பதம் கெட்டு, பற்றுக்கு அருகிலேயே மறுபடியும் முறியும். இவற்றைப் புதிதாக மாற்றுவதே முறை.

காற்றும் வேலையிடமும்

வயல்வெளியிலும் ஏரிக்கரையிலும் காற்று ஓயாது. வாயுக்காப்பு முறையில் மணிக்கு 8 கிலோமீட்டர் வேகமுள்ள இளங்காற்றே வாயுவை விலக்கிவிடும். பற்றில் துளைகள் விழும். ஆகவே படுதா கட்டி மறைத்துக்கொள்ளுதல் அவசியம். வாயுவின் அளவு நிமிஷத்திற்கு 15 முதல் 20 லிட்டர் வரை இருக்கலாம். காற்றடிக்கின்றதே என்று வாயுவை மிகுதியாகத் திறந்துவிட்டால் அது சுழன்று வெளிக்காற்றையும் உள்ளே இழுத்துவிடும். தற்காப்புக் கம்பி காற்றை ஒருவாறு பொறுக்குமாதலால், வெட்டவெளியில் செய்யும் மெல்லிய வேலைகளுக்கு அதுவே சௌகரியமானது.

இயந்திரத்தை அமைத்தல்

துருவம். தற்காப்பு வகைகளான 11, ஜிஎஸ், 8 ஆகியவற்றிற்கு டார்ச்சு எதிர்த்துருவத்திலும், எர்த் கிளாம்ப் நேர்த்துருவத்திலும் இருத்தல் வேண்டும். வாயுக்காப்புக் கம்பியான ஈ71டி-1 வகைக்கு இதற்கு நேர்மாறாக டார்ச்சு நேர்த்துருவத்தில் இருத்தல் வேண்டும். சிறிய இயந்திரங்கள் பெரும்பாலும் திண்கம்பிக்கென்று நேர்த்துருவத்தில் பூட்டப்பட்டே வருகின்றன. தற்காப்புக் கம்பியை மாட்டியவர் இணைப்பை மாற்றாவிட்டால், பொறி மிகுதியாகத் தெறிக்கும். பற்று துளை விழுந்து மேலோடு நின்றுவிடும். கம்பி மட்டமானது என்று எழும் புகார்களுக்கு ஒரு காரணம் இதுவேயாகும்.

உருளை. குழல்கம்பி உள்ளே பொடி உடையதாதலால் மெத்தென்றிருக்கும். திண்கம்பிக்குரிய வழவழப்பான ‘வி’ வடிவ உருளையை இறுக்கினால் கம்பி நசுங்கி, பொடி உதிர்ந்து, குழாயை அடைத்துக்கொள்ளும். பல்வெட்டிய உருளையை மாட்டி, மிதமாக இறுக்குதல் வேண்டும். டார்ச்சின் முனையை உலர்ந்த மரக்கட்டைக்குச் சிறிது தொலைவில் பிடித்துக் கம்பியை முட்டச் செய்தால், அது தடையின்றி வளைந்து வரவேண்டும். டார்ச்சின் வழியில் கம்பி எங்கேனும் தடைப்பட்டுவிட்டால், கூடு கட்டாமல் உருளை வழுக்கவேண்டும். அதுவே சரியான இறுக்கம்.

டிப்பும் எர்த்தும். டிப்பின் துளை கம்பியின் கனத்திற்குச் சரியாக இருக்கவேண்டும். எர்த் கிளாம்பைப் பெயிண்டு சுரண்டிய இரும்பில், பற்றவைக்கும் இடத்திற்கு மிக அருகில் பூட்டவேண்டும். தொலைவில் பூட்டினால் மின்சாரம் பேரிங்குகளின் வழியே பாய்ந்து அவற்றைக் கெடுத்துவிடும்.

நீட்டம். டிப்பிற்கும் வேலைக்கும் இடையிலுள்ள தூரம் 0.9 மில்லிமீட்டர் தற்காப்புக் கம்பிக்குச் சுமார் 12 மில்லிமீட்டரும் (அரை அங்குலம்), 1.2 மில்லிமீட்டர் வாயுக்காப்புக் கம்பிக்குச் சுமார் 20 மில்லிமீட்டரும் (முக்கால் அங்குலம்) இருத்தல் வேண்டும். நீட்டம் கூடினால் ஆம்பியர் குறைந்து பற்று ஊன்றாது. நீட்டம் மிகக் குறைந்தால் பொடியிலுள்ள ஈரம் முன்கூட்டி வெளியேற இடமின்றி, பற்றின்மேல் மண்புழு ஊர்ந்தாற்போன்ற தடங்கள் உண்டாகும்.

வேகமும் வோல்ட்டேஜும். கம்பி வரும் வேகம் ஆம்பியரையும், வோல்ட்டேஜ் மின்வில்லின் நீளத்தையும் நிர்ணயிக்கும். 0.9 மில்லிமீட்டர் ஈ71டி-11 கம்பிக்கு ஏறத்தாழ 15 முதல் 17 வோல்ட்டும், 80 முதல் 130 ஆம்பியரும் தொடக்கமாகக் கொள்ளலாம். 1.2 மில்லிமீட்டர் ஈ71டி-1 கம்பியைச் செங்குத்தில் மேல்நோக்கி இடுவதற்கு ஏறத்தாழ 22 முதல் 25 வோல்ட்டும், 150 முதல் 200 ஆம்பியரும் பொருந்தும். கம்பி செய்தவர் தரும் அட்டவணை கையிலிருந்தால் அதையே பின்பற்றவேண்டும். வோல்ட்டேஜ் மிகுந்தால் பற்று அகன்று, ஓரம் அரிக்கப்பட்டுத் துளைகளும் விழும். குறைந்தால் பற்று கயிறுபோல் மேலே புடைத்து நிற்கும். கம்பி வேலையில் முட்டித் தடதடவென ஓசை செய்யும்.

கிராமங்களில் இங்கே ஒரு சங்கடம் உண்டு. அக்கம்பக்கத்துப் பம்பு செட்டுகள் ஓடும் வேளையில் மின்சாரத்தின் அழுத்தம் தாழ்ந்திருக்கும். மெல்லிய நீண்ட ஒயரை இழுத்து வேலை செய்தால் இன்னும் தாழும். காலையில் சரியாக அமைத்த இயந்திரம் நண்பகலில் அதே பற்றைத் தராது. தக்க கனமுள்ள ஒயரை உபயோகிப்பதும், பம்புகள் ஓடாத வேளையைத் தேர்வதும், வேலை தொடங்குமுன் ஒவ்வொரு தடவையும் துண்டு இரும்பில் பரீட்சிப்பதும் நலம். அத்துண்டையும் தரையில் படுக்க வைத்துப் பரீட்சித்தல் கூடாது. மெய்யான வேலை எந்நிலையில் உள்ளதோ அந்நிலையிலேயே கட்டிப் பரீட்சித்தால்தான் உண்மை விளங்கும்.

பற்றவைக்கும் முறை

முதற்கண் இடத்தைச் சுத்தம் செய்தல் வேண்டும். சேறு, சாணம், கிரீஸ், பெயிண்டு, துரு ஆகியவற்றை விரிசலின் இருபுறமும் ஓர் அங்குலம் வரை கிரைண்டரால் நீக்கவேண்டும். பொடியே அழுக்கைத் தின்றுவிடும் என்று எண்ணுவது தவறு. விரிசலின் இரு நுனிகளிலும் சிறு துளையிட்டால் அது மேலும் ஓடாது. பின்னர் விரிசலை ‘வி’ வடிவமாக அடிவரை தோண்டவேண்டும். விரிசலின்மேல் பூசிவிட்டுப் போவது புண்ணை ஆற்றாமல் மூடுவதற்கு ஒப்பாகும்.

கிடைநிலை: செங்குத்தான தகட்டில் குறுக்காக ஓடும் பற்றை மெல்லிய வரிசைகளாக, கீழிருந்து மேலாக அடுக்கவேண்டும். டார்ச்சைச் சிறிது மேல்நோக்கிப் பிடித்து, கசடு பின்னே வருமாறு இழுத்துச் செல்லவேண்டும்.

செங்குத்தில் மேல்நோக்கி: 6 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட கனத்திற்கும், பாரம் தாங்கும் எல்லா வேலைக்கும் இதுவே முறை. படுக்கை நிலைக்கு வைத்த ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்து, டார்ச்சின் முனை 5 முதல் 10 டிகிரி மேல்நோக்குமாறு பிடிக்கவேண்டும். இருபுற ஓரங்களிலும் சற்றுத் தங்கி, நடுவை விரைந்து கடக்கவேண்டும். நடுவில் தங்கினால் குழம்பு தொந்திபோல் தொங்கும். ஓரத்தில் தங்காவிட்டால் ஓரம் அரிக்கப்படும்.

செங்குத்தில் கீழ்நோக்கி: 5 மில்லிமீட்டருக்கு மேற்படாத தகட்டிற்கு ஈ71டி-11 கம்பியைக் கொண்டு மட்டுமே இவ்வாறு செய்யலாம். கசடு குழம்பை முந்திவிடாதபடி விரைந்து இறங்கவேண்டும். இப்பற்று பார்வைக்கு வெகு அழகாயிருக்கும். ஆனால் ஆழமாக ஊன்றுவதில்லை. இழுவைச் சட்டங்களில் இதை அனுமதிக்கலாகாது. அழகு கண்டு ஏமாறுவது இவ்விடத்தில்தான்.

தலைக்கு மேல்: அகலமாக அசைக்காமல், நேரான மெல்லிய வரிசைகளாக, நீட்டத்தைக் குறைவாக வைத்து, சற்று விரைவாகச் செல்லவேண்டும். தெறிக்கும் பொறிகள் நாசிலில் படிந்து வாயுவைத் தடுக்குமாதலால் அடிக்கடி சுரண்டவேண்டும். பற்றவைப்பவர் நேர் கீழே நில்லாமல் சிறிது விலகி நிற்கவேண்டும்.

எந்நிலையாயினும், ஒரு வரிசை முடிந்ததும் கசடைச் சிப்பிங் சுத்தியால் தட்டி, கம்பி பிரஷினால் தேய்த்த பின்னரே அடுத்த வரிசையை இடவேண்டும். உள்ளே சிக்கிய கசடு வெளியே தெரியாது. முறியும் நாளில்தான் தெரியும். மீந்த கம்பிச் சுருளை இயந்திரத்திலேயே விட்டுவைத்தால் மழைக்காலத்தில் ஈரம் ஏறும். அதைக் கழற்றி, காற்றுப் புகாத பையிலிட்டு உலர்ந்த இடத்தில் வைத்தல் வேண்டும்.

மதகுச் சட்டம்: ஓர் உதாரணம்

வாய்க்கால் மதகின் ஷட்டர் ஓடும் எஃகுச் சட்டத்தில், 10 மில்லிமீட்டர் கனமுள்ள இடத்தில் செங்குத்தான விரிசல் கண்டதாகக் கொள்வோம். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ந் தேதி பாசனத்திற்குத் திறக்கப்படுவதாதலால், காவிரிப் பாசனத்தில் இவ்வேலை வாய்க்கால் உலர்ந்துள்ள கோடையிலேயே முடியவேண்டும். சட்டம் கட்டடத்தில் புதைந்திருப்பதால் கழற்ற இயலாது. முதலில் உளியால் செதுக்கி எஃகுதான் என்று உறுதி செய்யவேண்டும். கனம் 8 மில்லிமீட்டருக்கு மேற்பட்டதாலும், ஷட்டர் ஏறி இறங்கும்போது அதிர்ச்சி உண்டாவதாலும், மெல்லிய ஈ71டி-11 கம்பியை விலக்கவேண்டும். படுதா மறைவு கட்டி, 1.2 மில்லிமீட்டர் ஈ71டி-1 கம்பியை, அதன் குறியீட்டிற்கேற்ற வாயுவோடு, மேல்நோக்கி மூன்று நான்கு வரிசைகளாக இடுவது முறை. சிலிண்டர் கொண்டுபோக வழியில்லாத இடமாயின் ஈ7018 குச்சியால் செய்வதே உத்தமம். கம்பிதான் எங்கும் சிறந்தது என்பதில்லை. முடிந்தபின் கசடு முழுவதையும் நீக்கிவிட்டே பெயிண்டு பூசவேண்டும். மீந்த கசடு ஈரத்தை இழுத்துப் பெயிண்டைப் பெயர்த்துவிடும்.

கிராம அதிகாரிகள் கவனிக்கவேண்டியவை

பொது மதகு, குடிநீர்த் தொட்டியின் ஏணி முதலியவற்றைச் சீர்செய்ய மதிப்பீடு எழுதும்போது, ‘வெல்டிங் செய்தல்’ என்று மட்டும் குறித்தால் போதாது. கம்பியின் குறியீடு, கனம், வாயு உண்டா இல்லையா, செங்குத்துப் பற்று மேல்நோக்கி இடப்படவேண்டும் என்பவற்றையும் குறித்தல் வேண்டும். வேலை தொடங்கும்போது சுருளின் அட்டையைப் பார்த்து ஒத்துக்கொள்ளவேண்டும்.

தொழிலாளியின் திறமையைச் சோதிக்கச் செலவில்லாத முறை ஒன்று உண்டு. 6 மில்லிமீட்டர் தகட்டுத் துண்டுகள் இரண்டை, ஒன்றன்மேல் ஒன்று நேர்நிற்குமாறு வைத்து, வேலையின் நிலையிலேயே கட்டி, ஒருபுறம் மட்டும் பற்றவைக்கச் சொல்லவேண்டும். ஆறியபின், பற்றில்லாத புறத்திலிருந்து சம்மட்டியால் அடித்து நிற்கும் தகட்டைப் பற்றின் பக்கமாகச் சாய்க்கவேண்டும். பற்று முறிந்தால் உட்புறத்தைப் பார்க்கலாம். இரு தகடுகளின் மூலை வரை உருகிச் சேர்ந்திருந்தால் நல்ல பற்று. மூலையின் கூர் உருகாமல் கோடாக நின்றாலோ, கருத்த கசடும் துளைகளும் காணப்பட்டாலோ அமைப்பை மாற்றி மறுபடி பரீட்சிக்கவேண்டும். முறியாமல் மடிந்துபோனால் மிக நன்று.

முடிந்த வேலையில் ஓர அரிப்பு, துளை, புழுத்தடம், வரிசை முடியுமிடத்துக் குழி, விரிசல் ஆகியவை இருக்கின்றனவா எனப் பார்க்கவேண்டும். குறையுள்ள இடத்தைக் கிரைண்டரால் எடுத்துவிட்டுப் புதிதாகப் பற்றவைக்கச் செய்யவேண்டுமேயன்றி, மேலே பூச விடலாகாது.

அபாயமும் ஜாக்கிரதையும்

தலைக்கு மேல் செய்யும் வேலையில் பொறி தூரம் பறக்கும். வைக்கோற்போர், சாக்கு, டீசல் முதலியவற்றை அகற்றி, அருகில் தண்ணீரும் மணலும் வைத்திருக்கவேண்டும். எரிபொருள் தொட்டியை, காலியாயிருப்பினும், பற்றவைக்கலாகாது. உள்ளே தங்கிய ஆவி வெடிக்கும். ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் நின்று வேலை செய்யலாகாது. உலர்ந்த பலகைமேல் நிற்கவேண்டும். டிராக்டரில் பற்றவைக்குமுன் பாட்டரியின் இணைப்பைக் கழற்றிவிடவேண்டும்.

தற்காப்புக் கம்பி புகையை மிகுதியாக விடும். அதில் மாங்கனீசு முதலிய கெடுதியான பொருள்கள் உண்டு. அடைத்த அறையில் வேலை செய்யாமல், காற்று முகத்தைக் கடந்து செல்லுமாறு நிற்கவேண்டும். துத்தநாகப் பூச்சுள்ள ஜி.ஐ. குழாயைப் பற்றவைக்குமுன் பூச்சை நீக்கவேண்டும். அதன் புகை காய்ச்சலை உண்டாக்கும். முகமூடி, தோல் கையுறை, முழுக்கைச் சட்டை ஆகியவை இன்றி ஒருவரையும் வேலையில் விடலாகாது. சிறுவர்கள் மின்வில்லை வேடிக்கை பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதபடி விலக்கிவைத்தல் மிராசுதாரின் கடமையாகும்.

முடிவு

சுருங்கக் கூறின், கழற்றக்கூடியதைக் கழற்றிப் படுக்க வைத்தல், கழற்ற இயலாததற்கு எல்லா நிலைக்கும் உரிய கம்பியைக் குறியீடு பார்த்து வாங்குதல், துருவத்தைச் சரியாக மாற்றுதல், அதே நிலையில் பரீட்சித்துப் பார்த்தல், கசடை வரிசைதோறும் நீக்குதல் ஆகிய ஐந்தையும் கடைப்பிடித்தால் பெரும்பாலான முறிவுகளைத் தவிர்க்கலாம். இவற்றிற்கு ஆகும் அதிகச் செலவு அற்பம். உழவுக்காலம் நெருங்குமுன், கோடையிலேயே ஒவ்வொருவரும் தம் டிரெய்லரின் இழுவைச் சட்டத்தையும் கொக்கியையும் சேறு கழுவி, நல்ல வெளிச்சத்தில் சோதித்து, விரிசல் கண்டவற்றை மேற்கண்ட முறையில் சீர்செய்துகொள்வது விவேகமாகும்.